முத்திரை விழாத நெல்

கிழக்குக் கரைக் குடியானவர்கள்: அத்தியாயம் 17

சென்னை மூர் மார்க்கெட் நிலையத்தில் ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா தாண்டிச் சூளூர்பேட்டையில் இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஊர் ராக்கெட் தளத்தின் வாசல்படி. மீதிப் பேருக்குச் செங்காளம்மன் கோயில். கோயிலுக்கும் ராக்கெட்டுக்கும் நடுவில் கிடக்கும் வயல்களைப் பற்றியது இந்த அத்தியாயம்.

சென்ற இதழில் 1804–05இல் சித்தூர்ப் பாளையக்காரர்கள் கிளப்பிய கலகத்தைப் பார்த்தோம். காடு, கோட்டை, கம்பெனிப் படை என்று வரலாற்று ஆசிரியனுக்கு வேண்டிய சாமான் எல்லாம் இருந்த கதை அது. அதே காலத்தில் கிழக்கே சமவெளியில் வேறொரு விவகாரம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் தலைவன் இல்லை, கொடி இல்லை, நடந்த தேதியும் இல்லை. களத்துக்கு வரவேண்டிய நெல் மட்டும் கணக்கில் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது.

1801இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கர்நாடகம் கம்பெனியின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே வேங்கடகிரி, காளஹஸ்தி ராஜாக்களுக்கு நிரந்தர சனது எழுதிக் கொடுத்தார்கள். சூளூர்பேட்டை வட்டாரத்தில் ஜமீன் கிராமங்களும் சர்க்கார் கிராமங்களும் கலந்து கிடந்தன. 2022இல் திருப்பதி மாவட்டம் பிறக்கும் வரை அந்த ஊர் நெல்லூர் ஜில்லாவைச் சேர்ந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பழைய தஸ்தாவேஜுகளில் அதை நெல்லூருக்குக் கீழேதான் தேட வேண்டும். சனதின்படி ஜமீன்தார் சர்க்காருக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் ஒரு தொகையில் நின்றுவிட்டது. ரயத்து, அதாவது உழுகிற குடியானவன், ஜமீன்தாருக்குக் கட்ட வேண்டியதை அப்படி யாரும் கட்டிப்போடவில்லை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வழக்குக்கும் வம்புக்கும் வித்து அங்கேதான் விழுந்தது.

வாரத்துக்கு விட்ட கிராமங்களில் குத்தகை என்பது விளைச்சலில் ஒரு பங்கு. மேல்வாரம் ஜமீனுக்கு, குடிவாரம் உழுதவனுக்கு. கதிர் முற்றும்போதே ஜமீன் ஆள் வரப்பில் நடந்து கண்டுமுதலை மதிப்புப் போடுவான். அறுத்து அடித்துத் தூற்றியபின் பொலியைக் குவித்து, அதன்மேல் ஈரமண்ணோ சாம்பலோ வைத்து, செதுக்கிய மரக்கட்டையால் முத்திரை குத்துவார்கள். யாராவது கைவைத்தால் குறி கலைந்து காட்டிக்கொடுக்கும். அளக்கிற நாள் வரை ராத்திரிக் காவலும் உண்டு.

பார்க்கப் பலமான ஏற்பாடு. ஆனால் முத்திரை விழுவது பொலியின் மேல். பொலியாவதற்கு முன் நெல் எத்தனை கை மாறுகிறது! ஓரத்து வயலைக் கொஞ்சம் பச்சையாக இருக்கும்போதே இருட்டில் அறுத்து அவல் இடித்துவிடலாம். தாளை ஒப்புக்கு நாலு தட்டுத் தட்டிவிட்டு மணியோடு சேர்த்துப் போரில் ஏற்றலாம். வைக்கோல் குடியானவனுடைய பங்கு. ஜமீன் ஆள் ஊரைத் தாண்டியபிறகு நிதானமாகக் கடா விட்டு மிதித்துக்கொள்ளலாம். தூற்றும்போது நல்ல நெல்லும் கொஞ்சம் பதரோடு போய் விழும், அதற்குக் காற்றைக் குறை சொன்னால் போயிற்று. இதெல்லாம் கர்ணத்துக்கும் தலையாரிக்கும் தெரியாமல் நடக்க வழியில்லை. அவர்கள் கண்ணை மூடிக்கொள்வதற்கும் ஒரு விலை உண்டு, அதுவும் முறத்தால் அளக்கிற விலைதான்.

ஜமீன் தரப்பு சும்மா இருந்துவிடவில்லை. வாங்கும்போது மரக்காலைக் கோபுரமாகக் குவிப்பது, கொடுக்கும்போது தலைதட்டுவது என்ற புகார் தென்னிந்தியா முழுக்கக் கேட்ட புகார். இதைவிடக் கொடியது, வானம் கறுக்கும் நாளாகப் பார்த்து அளக்க ஆள் அனுப்பாமல் இழுத்தடிப்பது. பொலி களத்திலேயே முளைவிட்டால் இரண்டு பங்குக்கும் நஷ்டம் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக அரண்மனையில் அடுப்பு எரியாமல் நின்றுவிடாது.

இப்படிச் சத்தமில்லாமல் நடந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்கலாம். நெல்லை ஒளித்தவன் நாட்குறிப்பு எழுதியிருக்கமாட்டான். சாட்சி எதிர்த்தரப்பின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1885ஆம் ஆண்டு வங்காளக் குடிவாரச் சட்டத்தில் ஒரு விதி: அளவுக்கோ மதிப்புக்கோ இடையூறாக ரயத்து விளைச்சலை முன்கூட்டியே அப்புறப்படுத்தினால், அக்கம்பக்கத்தில் அந்தப் போகத்தில் யாருக்கு அதிகமாக விளைந்ததோ அவ்வளவு அவனுக்கும் விளைந்ததாகக் கொள்ளலாம். சென்னை மாகாணத்து 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டத்திலும் களத்துப் பங்கீட்டுக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. கல்கத்தாவிலும் சென்னையிலும் உட்கார்ந்து கனவான்கள் நெற்குவியலைப் பற்றி விதி எழுதினார்கள் என்றால், எத்தனை ஆயிரம் களங்களில் எத்தனை இரவுகள் நெல் கால் முளைத்து நடந்திருக்க வேண்டும்! சட்டத்தை இப்படித் திருப்பிப்போட்டுப் படிக்கப் பழகினால், குடியானவனைப் பற்றி நாம் நினைத்ததைவிட அதிகமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்த மாதிரிக் காரியங்களுக்கு ஆராய்ச்சி உலகத்தில் மரியாதை தேடிக் கொடுத்தவர் அமெரிக்கரான ஜேம்ஸ் ஸ்காட். 2024இல் காலமானார். மலேசியாவில் கெடா மாநிலத்து நெல் வயல்கள் நடுவே, சுமார் எழுபது குடும்பங்கள் உள்ள கிராமம் ஒன்றில் 1978 முதல் 1980 வரை தங்கியிருந்தார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து ‘செடாக்கா’ என்று பெயர் வைத்தார். மூடா பாசனத் திட்டத்தால் அங்கே இரண்டு போகம் விளைந்தது. பின்னாலேயே அறுவடை இயந்திரமும் வந்து ஏழையின் அறுப்புக்கூலியைத் தின்றது. யாரும் கலகம் செய்யவில்லை. ஆனால் இயந்திரம் பிடித்தவர் வயலுக்கு நடவுக்கு வரப் பெண்கள் சாக்குச் சொன்னார்கள், நெல்மூட்டைகள் ராத்திரியில் காணாமற்போயின, பணக்காரரின் கஞ்சத்தனம் ஊர்வாயில் அரைபட்டது. 1985இல் வந்த அவருடைய ‘எளியோரின் ஆயுதங்கள்’ என்ற நூலின் வாதம் எளியது: குடியானவனின் அன்றாட ஆயுதம் அரிவாள் வீச்சு அல்ல, வேலையை இழுப்பது, தெரியாததுபோல் நடிப்பது, தலையாட்டிவிட்டுச் செய்யாமல் விடுவது. கூலிக்கு அடிக்கிறவர்கள் கதிரை முழுதாக அடிக்காமல், பின்னால் பொறுக்க வரும் தங்கள் வீட்டாருக்காகக் கொஞ்சம் மணியை விட்டுவைப்பதையும் அவர் பார்த்து எழுதியிருக்கிறார். நம் ஊர்க் களத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இருக்காது.

ஸ்காட்டைப் படிக்கும்போது எனக்கு ஒரு மனத்தடை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ரயத்தின் பையில் இருந்த மற்ற ஆயுதங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலம் மிச்சம், ஆள் பற்றாக்குறை. ஆகவே பலமான ஆயுதம் கால்தான். தீர்வை தாங்கவில்லை என்றால் மாட்டையும் ஏரையும் ஓட்டிக்கொண்டு குடி கிளம்பிவிடும். செங்கல்பட்டுச் சீமையில், அன்றைய பெயரில் ஜாகீரில், 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸின் கெடுபிடி பொறுக்காமல் பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர்களே ஊரைக் காலி செய்தார்கள். சூளூர்பேட்டை மாதிரி எல்லை ஊர்களில் இது இன்னும் சுலபம். ஒரு பக்கம் வேங்கடகிரி, ஒரு பக்கம் காளஹஸ்தி, தெற்கே நடந்தால் பொன்னேரிச் சீமை. ஓடி வந்த குடியை வரவேற்க, தரிசை உடைத்தால் முதல் சில ஆண்டு குறைந்த தீர்வை என்று கௌல் எழுதிக் கொடுக்கப் பக்கத்து ஜமீன் தயாராக இருக்கும். கிளம்பிவிடுவேன் என்ற மிரட்டலே பாதி நேரம் போதுமானதாக இருந்திருக்கும். ஜனத்தொகை பெருகி, ஏர் படாத நிலம் சுருங்கியபிறகுதான் இந்த ஆயுதம் மழுங்கியது.

சர்க்கார் கிராமங்களில் கதை வேறு. கிஸ்தி ரொக்கத்தில், வசூலிப்பது தாசில்தாரின் சேவகர்கள். 1854இல் சென்னை மாகாண வசூல் சித்திரவதைகளை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டு, அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது. விரல்களை நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனியவைக்கும் அண்ணாந்தாள், உச்சிவெயிலில் நிறுத்துவது எல்லாம் அதில் வருகின்றன. இன்னொன்றும் அந்தக் காலத்து உத்தியோகஸ்தர்கள் வாயில் அடிபடும்: பணத்தை மடியில் முடிந்து வைத்துக்கொண்டே நிற்கிறான், நாலு அடி விழாமல் அவிழ்க்கமாட்டேன் என்கிறான். அவர்களுக்கு அது புத்திகெட்ட பிடிவாதம். குடியானவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சுத்தமான கணக்கு. கேட்டவுடன் கட்டுகிறவனிடம் இன்னும் இருக்கிறது என்றுதான் சேவகன் நினைப்பான். அடுத்த பசலியில், அதாவது அடுத்த வரி ஆண்டில், அவன் வீட்டு வாசலுக்குத்தான் முதலில் வருவான். உடம்பை முன்னால் நிறுத்திப் பணத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதை வீரம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. வேறு வழியற்ற நிலை என்றே சொல்வேன்.

ஜமீன் கிராமங்களில் இதைவிட நயமான வித்தை ஒன்று 1865க்குப்பின் பழக்கத்துக்கு வந்தது. அந்த ஆண்டு வந்த எட்டாம் சட்டம், குத்தகை வசூல் சட்டம், ஜமீன்தாருக்கு ஜப்தி அதிகாரம் கொடுத்தது. கூடவே ஒரு கடிவாளமும் போட்டது: ஜமீன்தார் பட்டா கொடுக்க வேண்டும், ரயத்து பதிலுக்கு முச்சலிக்கா எழுதித் தர வேண்டும், பட்டாவை முறைப்படி நீட்டாமல் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. இதைப் புரிந்துகொள்ளக் குடியானவனுக்கு வக்கீல் படிப்பு தேவைப்படவில்லை. ஜமீன் சேவகன் பட்டாவோடு வாசலில் வந்து நிற்பான். ‘அவரு ஊர்ல இல்லீங்க’ என்று உள்ளிருந்து குரல் வரும். மறுநாளும் இல்லை. கதவில் ஒட்டிவிட்டுப் போனால், எனக்கு வரவேயில்லை என்று ஒரு தாவா. வந்தது என்று நிரூபணமானால், வந்தது சரியான பட்டா இல்லை, அதில் வழக்கத்துக்கு மேல் கண்டிருக்கிறது என்று இன்னொரு தாவா. கலெக்டர் முன் விசாரணை முடிவதற்குள் பசலி ஓடிவிடும்.

இந்த வம்பு வழக்குகளிலிருந்துதான் ஓர் உரிமை திரண்டது. 1897இல் வெங்கடநரசிம்ம நாயுடுவுக்கும் தண்டமூடி கோட்டய்யாவுக்கும் நடந்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், ஜமீன் ரயத்தை நினைத்தபோது வெளியேற்றக்கூடிய வெறும் குத்தகைக்காரனாக ஊகித்துக்கொள்ளக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பதினொரு ஆண்டு கழித்து வந்த 1908 சட்டம் சாகுபடி செய்கிறவனுக்கு நிலையான குடியுரிமையை எழுதிவைத்தது. ‘ஊர்ல இல்லீங்க’ என்ற குரலுக்கும் அந்தச் சட்டத்துக்கும் நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஆனால் ரயத்துகள் எல்லோரும் மரியாதையாகப் பட்டாவை வாங்கிக்கொண்டிருந்தால் நீதிபதிகளுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

காட்டையும் உப்பையும் வேகமாகத் தாண்டிவிடலாம், இரண்டும் முந்தைய அத்தியாயங்களில் வந்தவை. 1805 முதல் உப்பு கம்பெனியின் ஏகபோகம். பழவேற்காடு ஏரி வற்றும் மாதங்களில் ஓரமெல்லாம் தானாக உப்புப் பூக்கும் நாட்டில், அதை அள்ளுவதும் குற்றம். 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்துக்குப்பின் விறகும் தழையுரமும் மேய்ச்சலும் அந்த வரிசையில் சேர்ந்தன. நேற்றுவரை பழக்கமாக இருந்தது விடிந்ததும் குற்றமானால், ஊரே குற்றவாளி ஆகிவிடும். ஒத்துழையாமைக் காலத்தில், 1921–22இல், கடப்பை ஜில்லா ராயச்சோட்டியிலும் குண்டூர் ஜில்லா பல்நாட்டிலும் கட்டணம் கட்டாமல் மாடுகளை ரிசர்வ் காட்டுக்குள் ஓட்டினார்கள். காங்கிரஸ் கற்றுக்கொடுத்த புதுப் பாடம் என்று அதைச் சொல்வார்கள். ராத்திரியில் ஓட்டிக்கொண்டிருந்த மாட்டைப் பகலில் ஓட்டினார்கள் என்பதுதான் அதில் புதுசு.

பகலுக்கு வந்தது ஜமீன் ரயத்தும்தான். வேங்கடகிரி எஸ்டேட்டில் மேய்ச்சல், தழை, விறகு உரிமைகளுக்காக நெல்லூர் வெங்கடராம நாயுடு ரயத்துகளைத் திரட்டினார். 1930 வாக்கில் அவர் தொடங்கிய தெலுங்கு வாரப் பத்திரிகைக்கு வைத்த பெயரே ‘ஜமீன் ரயத்து’. 1937இல் ராஜாஜி மந்திரிசபையில் வருவாய் மந்திரியான பிரகாசம், எஸ்டேட் நிலச் சட்ட விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்று ஜமீன் ஜில்லாக்களைச் சுற்றி வந்தார். 1938இல் வந்த அறிக்கை, நிலத்துக்குச் சொந்தக்காரன் ரயத்தே, ஜமீன்தார் வரி வசூலிப்பவர் மட்டுமே, தீர்வை 1802ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றது. 1939 அக்டோபரில் மந்திரிசபை ராஜினாமா செய்ததால் அது அப்படியே கிடந்தது. கடைசியில் 1948ஆம் ஆண்டு இருபத்தாறாம் சட்டம் ஜமீனை ஒழித்தது. வாசலில் வந்து நின்றால் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்த பட்டாவை இப்போது சர்க்கார் ரயத்துவாரிப் பட்டாவாகக் கொடுத்தது. வாங்கிக்கொண்டார்கள்.

என் மனத்தடை இங்கேதான் வருகிறது. ‘எளியோர்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஜமீன் ஆளை ஏய்த்து நெல்லைப் போரில் ஏற்றிய அதே ரயத்தின் களத்தில் காவல் படுத்திருந்தது யார்? பெரும்பாலும் ஒரு யானாதி. நெல்லூர்க் கரையோரத்துப் பழங்குடி. காட்டில் தேனும் மெழுகும் கிழங்கும் எடுப்பவர்கள், ஏரியில் மீன் பிடிப்பவர்கள், பிறகு ஊர்க்காவலும் பண்ணை வேலையும் பார்த்தவர்கள். ரயத்துக்கு எதிராக அவர்களுக்கும் ஒரு களம் இருந்தது.

அறுப்பு முடிந்த வயலில் யானாதி குடும்பம் எலிவளை தேடும். வளைவாயில் தீமூட்டிப் புகையை உள்ளே ஊதி, வெளியே ஓடி வரும் எலியைப் பிடிப்பார்கள், எலி கறிக்கு. பிறகு வளையைத் தோண்டினால் அது சேமித்த கதிர்கள் கொத்துக்கொத்தாகக் கிடக்கும். அந்த நெல்லில் மேல்வாரமும் இல்லை, குடிவாரமும் இல்லை, முத்திரையும் விழுவதில்லை. எலி தொல்லை தீர்ந்தது என்று நிலக்காரர் விட்டுவிடுவார். பண்ணையில் அடியும் கடனும் மிஞ்சினால் இரவோடு இரவாகக் குடிசையை விட்டுக் கிளம்பிவிடுவதும் உண்டு. குடியானவன் கைவிட்ட கால் ஆயுதம் யானாதியிடம் இன்னும் நெடுநாள் இருந்தது.

ஆனால் இவர்கள் விஷயத்தில் சர்க்கார் எழுதிய சட்டம் வேறு மாதிரி. ரயத்தின் ஏய்ப்பைப் பார்த்துப் பங்கீட்டு விதி எழுதினார்கள். யானாதியின் நடமாட்டத்தைப் பார்த்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, அவர்களில் பலரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். பதிவானவர் நினைத்த இடத்தில் தூங்க முடியாது. ஆஜர் கொடுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். வெண்ணெலகண்டி ராகவய்யா போன்றவர்கள் யானாதிச் சங்கம் கட்டி, ஆண்டுக்கணக்கில் மன்றாடி, 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ரத்தானது. நிலம் அதோடு வந்துவிடவில்லை. ரயத்தின் மறைமுக எதிர்ப்புக்குப் பின்னால் வக்கீல் இருந்தார், பத்திரிகை இருந்தது, ஓட்டு இருந்தது, மந்திரி வந்தார். யானாதிக்கு எலிவளை நெல் பசியை ஆற்றியது, அவ்வளவுதான். ஸ்காட்டின் ஆயுதங்கள் இரண்டு பேர் கையிலும் ஒன்றுதான். ஏந்தியவன் ஊரில் எந்தப் படியில் நின்றான் என்பதே விளைவைத் தீர்மானித்தது.

சூளூர்பேட்டைக்குக் கிழக்கே, ஏரியின் நடுவே போகும் பாதைக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. 1835இல் சர்க்கார் அந்தத் தீவை எடுத்துக்கொண்டபோதே யானாதிகள் அங்கே இருந்தார்கள். சாயவேரும் தேனும் மெழுகும் சேகரித்துக் கொடுத்துக் கூலியாகத் தானியம் வாங்கினார்கள். தேவைக்கு மேல் வேலை செய்யமாட்டேன் என்ற அவர்களுடைய பழக்கத்தை அதிகாரிகள் சோம்பல் என்று எழுதினார்கள். தீவின் விறகு பக்கிங்ஹாம் கால்வாய் வழியே படகில் சென்னை அடுப்புகளுக்குப் போனது.

1969இல் விண்வெளித் தளத்துக்காக அந்தத் தீவு தேர்வானது. 1971 அக்டோபர் 9ஆம் தேதி ரோகிணி-125 என்ற சிறிய ராக்கெட் அங்கிருந்து முதலாவதாகக் கிளம்பியது. நிலம் எடுக்க அன்று நடப்பிலிருந்தது 1894ஆம் ஆண்டுச் சட்டம். நிலத்தில் தனக்கு உரிமை உண்டு என்று காட்டக்கூடியவருக்கே அது இழப்பீடு கணக்கிடும். 1948க்குப்பின் பட்டா வாங்கி வைத்திருந்த ரயத்து, எந்த ஊரில் நிலம் போனாலும் எடுத்து நீட்ட ஒரு காகிதம் வைத்திருந்தார். நூற்றாண்டுக்கு மேல் காட்டில் வேர் தோண்டிய குடும்பங்களுக்கு நீட்ட ஒன்றும் இல்லை. அவர்கள் தீவை விட்டு எங்கே போனார்கள், 1990களில் ஏரியோரம் இறால் பண்ணைகள் வந்தபோது யாரிடம் கூலிக்கு நின்றார்கள் என்பது அடுத்த இதழில்.